சங்கு ஊதிய பிறகு

மாநாட்டு அறையின் உலக வரைபடத்தில்
ஏழுபேர் ரக்பி ஆடும் நாட்டுக்கெல்லாம்
ஒரு நீலப் புள்ளி.
லாவோஸில் ஒன்று, கயானாவில் ஒன்று,
பனிக்காட்டு லாத்வியாவில்கூட ஒன்று.
மடகாஸ்கர் இருக்க வேண்டிய கடலில்
விளம்பரதாரரின் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள்.
யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.
தாளில் காலியாகக் கிடந்த மூலை அதுதான்.

அந்தச் சின்னத்துக்கு அடியில்
அந்தனனரிவோவின் பள்ளத்துப் பேட்டை, அங்கசினா.
வயல் வற்றியதும் அங்கே செங்கல் அறுப்பார்கள்.
அறுத்த குழிகளுக்கு நடுவில்
மிச்சமிருக்கும் சமதரை மைதானம்.
புல் கிடையாது. விழுந்து எழுந்தால்
எது ரத்தம், எது மண் என்பது
இரண்டு நாளில் முழங்காலுக்கே மறந்துபோகும்.

ஹைங்கோ காலையில் கல் சுமக்கிறாள்,
தலையில் ஒரு நடைக்குப் பதினெட்டு.
மியாலி இகோபா ஆற்றில்
யாரோ படுத்த விரிப்புகளைத் துவைக்கிறாள்.
வுவாஹிரானா மினிபஸ்ஸின் பின்கதவில் தொங்கியபடி
சில்லறை வாங்குகிறாள்.
முகம் பாராமல் பின்பக்கம் நீளும் அவள் கை
அந்தக் கதவில் பழகியது.

பதினைந்து பேர் ஆட்டம் என்றால்
பதினைந்து ஜோடி பூட்ஸ்.
ஏழு என்றால் சமாளிக்கலாம்.
பாதிக்கு ஏழு நிமிடம்.
ஆடி வந்தவள் அவிழ்க்க அவிழ்க்க
அடுத்த ஆட்டத்துக்காரி
அந்தச் சூட்டோடு மாட்டிக்கொள்வாள்.
இந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது எப்படி என்று
வழவழத் தாளில் அறிக்கை எழுதுகிறவர்கள்
இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

ஏழு என்று தமிழில் எழுதி
கடைசி எழுத்தை மாற்றினால் ஏழை.
அவர்களுக்கு இது தெரியாது;
தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நைரோபியில் தகுதிச் சுற்று.
விசா வராதவளின் சட்டையையும்
மடித்து எடுத்துப்போனார்கள். எண் நான்கு.
மேலே போக மூன்று இடம்,
மூன்றாம் இடத்துக்கு இந்த ஆட்டம்.
பதினேழுக்குப் பன்னிரண்டு என்று
பின்தங்கி நிற்கையில் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் எங்கும் எல்லாம் முடிந்தது.
இங்கே மட்டும்
பந்து சாகும்வரை ஆட்டம் சாகாது என்று
யாரோ ஒரு புண்ணியவான் விதி வைத்திருக்கிறான்.

ஹைங்கோ மியாலிக்குக் கொடுத்தாள்.
மியாலி இரண்டு பேரை இழுத்துக்கொண்டு சாய்ந்து
விழும் முன் பின்னால் விட்டாள்.
ஒவ்வொரு கையாகப் பின்னால் போய்ப் போய்
பந்து எப்படியோ முன்னால் வந்துகொண்டிருந்தது.
ஒரு நிமிடம். அதற்கும் மேலே.
கணக்கில் சேராத நேரம்.
அரங்கில் வேறு நாட்டார் எழுந்து நின்றார்கள்.

கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில்
கிழிந்த பூட்ஸுக்கு வெளியே வந்திருந்த
வுவாஹிரானாவின் இடது கட்டைவிரல்
பக்கக்கோட்டுச் சுண்ணாம்பைத் தொட்டது.

கொடி உயர்ந்தது.
வெள்ளைக் கட்டைவிரலைப் பார்த்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை ஒரு படிவம் தந்தார்கள்:
அடுத்த பத்தாண்டு வளர்ச்சிக்கு
உங்கள் எதிர்பார்ப்புகள்.
பன்னிரண்டு வரி விட்டிருந்தது.
'உடை மாற்றும் அறைக்கு ஒரு கதவு'
என்று எழுதினாள் ஹைங்கோ.
யோசித்து, 'தாழ்ப்பாளோடு' என்று சேர்த்தாள்.
மீதி வரிகளை வேறு யாரும் எதையும் நுழைக்காதபடி
காசோலையில் செய்வதுபோல்
குறுக்கே கோடிழுத்து அடைத்தாள்.

திங்கட்கிழமை. பதினெட்டுக் கல்.
மினிபஸ் கதவில் நிற்பவளிடம்
ரெண்டு பேர் டிக்கெட் வாங்கிவிட்டு
காலைக் குனிந்து பார்த்தார்கள்.

சாயங்காலம், குழிகளுக்கு நடுவே
உமி அடைத்த பிளாஸ்டிக் பாட்டிலோடு பொடிசுகள்.
துணி ஆலைச் சங்கு ஊதியது.
வீடுகளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
"இன்னும் சாகல!" என்று கத்தியது ஒன்று,
பாட்டிலை மார்போடு அணைத்து ஓடிக்கொண்டே.

ஒரு பக்கத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள்.
இரண்டு பேரை நிறுத்தச் சொன்னால்
யாரை நிறுத்துவது?
ஒன்பது பேருமே ஆடினார்கள்.